டீச்சர் செத்த நேரம்

மூன்றாம் வகுப்பில் என்னிடம் படித்த ஒரு பெண்ணுக்குப் பாடப்புத்தகம் முழுக்கத் தலைகீழ்ப் பாடம். பெருமைக்காகச் சொல்லவில்லை. ஒரு நாள் வரிசையாக ஒவ்வொருவரையும் எழுப்பி வாசிக்கச் சொல்லிக்கொண்டு வந்தேன். அவள் முறை வந்ததும் எழுந்தாள். ஆற்றங்கரையில் மேயும் பசுவைப் பற்றிய பாடத்தைத் தட்டுத்தடுமாறாமல், முற்றுப்புள்ளி வந்த இடத்தில் மூச்சுவிட்டு, அழகாக வாசித்தாள். நான் பூரித்துப்போய் அவளுக்குப் பின்பக்கமாக நடந்தேன். புத்தகம் அவள் கையில் தலைகீழாக இருந்தது.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. சிரித்து முடிப்பதற்குள் கோபம் வந்துவிட்டது. அந்த வயதில் எனக்கு இரண்டுக்கும் நடுவே அதிக தூரம் கிடையாது. புத்தகத்தைப் பிடுங்கி நேராகத் திருப்பி, நடுவில் ஒரு சொல்லின் மேல் விரலை வைத்து, இது என்ன என்று கேட்டேன். அவள் உதடு மெல்ல அசைந்தது. பாடத்தின் முதல் வரியில் தொடங்கி, ஒவ்வொரு சொல்லாக மனசுக்குள் நடந்து வந்து, என் விரல் இருந்த இடத்தில் நின்று, "கரை" என்றாள். சரியான பதில்தான். அதே சொல்லைக் கரும்பலகையில் தனியாக எழுதிக் காட்டினேன். திருதிருவென்று விழித்தாள்.

அன்று மத்தியானமே வகுப்பு முழுவதையும் அப்படிச் சோதித்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் அதே கதி. பிள்ளைகளைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? நான் ஒரு வரி சொல்வேன், அவர்கள் கோரஸாகத் திருப்பிச் சொல்வார்கள். அந்தச் சத்தம் தெருமுனை வரை கேட்கும். போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று கேட்டுவிட்டு, புது டீச்சர் நன்றாகச் சொல்லித்தருகிறார் என்பார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் மிதப்பு வேறு. உண்மையில் அந்த ஹாலில் வாசித்துக்கொண்டிருந்தது நான் ஒருத்திதான்.

இது ஐம்பதுகளின் பின்பகுதி. எனக்கு இருபத்திரண்டு வயது. வத்தலக்குண்டுக்குப் பக்கத்தில் மல்லிகைத் தோட்டம் போட்ட குடும்பம் எங்களுடையது. டிரெயினிங் முடித்ததும் திண்டுக்கல்லில், தோல் பதனிடும் ஷாப்புகள் இருந்த பக்கத்தில், ஓர் ஆரம்பப் பள்ளியில் வேலை கிடைத்தது. கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவர் செங்கல்பட்டில் குமாஸ்தா. ஒன்று அவருக்கு மாற்றல் கிடைக்க வேண்டும், இல்லை நான் வேலையை விட வேண்டும். இரண்டுமே நடக்கவில்லை. என் ஆத்தாவைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஒரு வாடகை வீட்டில் இருந்தேன். எங்கள் பக்கத்து ஊர்களில் அம்மாவை ஆத்தா என்போம். இந்தச் சொல் என் மானத்தை வாங்கப்போகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

எங்கள் ஹாலுக்கு நடுவில் சுவர் கிடையாது. இரண்டாம் வகுப்பு கிழக்கே பார்த்து உட்காரும், மூன்றாம் வகுப்பு மேற்கே பார்த்து உட்காரும். இரண்டுக்கும் நானே டீச்சர். சின்னவர்களுக்கு நான் கணக்குப் போட்டுக்கொடுக்கும்போது பெரியவர்கள் ஒன்று தூங்குவார்கள், இல்லை ஒருத்தர் பின்னலை ஒருத்தர் இழுப்பார்கள். அந்த நேரத்தைத்தான் பிடித்துக்கொண்டேன். கோரஸை நிறுத்தினேன். ஒரு மூலையில் ஈர மணலைக் கொட்டிவைத்தேன். விரலால் ஒரு சொல்லை எழுத வேண்டும், பக்கத்தில் இருக்கிறவர் அதை வாசித்த பிறகுதான் அழிக்கலாம். ஜன்னலோரம் புளியங்கொட்டையை அடுக்கி எழுத்து உருவாக்குவார்கள். மளிகைக் கடையில் பொட்டலம் கட்டி வந்த காகிதங்களை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொன்னேன். பழைய பத்திரிகைத் தாள்கள், மிளகாய் நெடியோடு வரும். தெரிந்த சொல்லுக்குக் கீழே கரித்துண்டால் கோடு போட வேண்டும். ஒரு தாளில் யாரோ ஒரு திருடன் கிணற்றில் குதித்ததுவரை இருந்தது, மீதி கிழிந்துபோயிருந்தது. அவன் பிழைத்தானா செத்தானா என்று இரண்டு வாரம் சண்டை.

எல்லாவற்றையும்விட அவர்களுக்கு உசுரு தீப்பெட்டிதான். ஆளுக்கொரு காலித் தீப்பெட்டி. ஒரு நாளைக்கு ஒரு சொல்லை என்னிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். பாடத்தில் இருக்கிற சொல்லாக இருக்க வேண்டியதில்லை, தனக்கு வேண்டிய சொல். பழைய கல்யாணப் பத்திரிகையை வெட்டி, அந்தத் துண்டில் நான் எழுதித்தருவேன். அது பெட்டிக்குள் போகும். மறுநாள் அதை வாசித்துக் காட்டினால்தான் அடுத்தது. பூட்டு, அல்வா, ஜிமிக்கி, கழுதை என்றெல்லாம் கேட்டார்கள். ஒருத்தன் மூன்று நாள் யோசித்துவிட்டு "சித்தப்பா" என்றான். பெட்டிக்கு அடங்காத நீளச் சொற்களை மடித்துத் திணித்துக்கொள்வார்கள்.

ஒரே ஒரு சட்டம்தான். அந்த நேரத்தில் யாரும் என்னைக் கூப்பிடக் கூடாது. தெரியாததைப் பக்கத்தில் கேள், இல்லை விட்டுவிட்டு மேலே போ. முதல் நாள் இதைச் சொல்லும்போது, "செத்த நேரம் டீச்சர் இல்லைன்னு நெனச்சுக்கங்க" என்றேன். கொஞ்ச நேரம் என்பதை எங்கள் பக்கம் செத்த நேரம் என்றுதான் சொல்வோம். இந்த வானரங்கள் அதைச் சுருக்கி, ஒரே வாரத்தில் அந்தப் பீரியடுக்கு 'டீச்சர் செத்த நேரம்' என்று பெயர் வைத்துவிட்டன.

ஒரு நாள் எங்கள் தலைமையாசிரியை வந்து எட்டிப்பார்த்திருக்கிறார். நான் மணலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்ததால் அவர் கண்ணில் படவில்லை. உங்க டீச்சர் எங்கே என்று கேட்டதற்கு, ஒரு பெண் தலையைக்கூடத் தூக்காமல், டீச்சர் செத்த நேரம், பேசக் கூடாது என்று சொல்லிவிட்டது. அந்த அம்மாள் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு நின்ற கோலத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வேலை நடக்கட்டும், பெயரை மட்டும் மாற்று என்றார். நான் மாற்றச் சொன்னேன். பிள்ளைகள் மாற்றவில்லை.

உண்மையைச் சொல்ல வேண்டும். முதல் பத்து நாள் எனக்குத் தாங்கவில்லை. யாரும் என்னைக் கூப்பிடவில்லை. கை சும்மா இருந்தது. எல்லாம் தானே நடக்கிறதென்றால் நான் எதற்கு என்று ஒரு வெறுமை. அப்புறம்தான் அந்தச் சத்தம் காதில் விழ ஆரம்பித்தது. முப்பது பிள்ளைகள் தனித்தனியாக, ஆளுக்கொரு சொல்லை, தனக்கு மட்டும் கேட்கும்படி முணுமுணுக்கிற சத்தம். கோரஸ் மாதிரி அது தெருவுக்குக் கேட்காது, வாசற்படியைக்கூடத் தாண்டாது. வேலையை விட்டு எத்தனையோ வருஷமாகிவிட்டது. இன்றைக்கும் மத்தியான வேளையில் அந்தச் சத்தத்துக்காகக் காது ஏங்குகிறது. அதை யாரிடம் போய்க் கேட்பேன்?

அந்தத் தலைகீழ்ப் பெண்ணுக்கு வருகிறேன். ஒன்பது வயது. நெற்றியில் எப்போதும் எண்ணெய் வழியும், யாரிடமும் அதிகம் பேசமாட்டாள். அவள் வாய்திறந்து கேட்ட முதல் சொல் "அத்தா."

நான் என்ன செய்தேன்? ஐயோ பாவம், ஆத்தா என்று நீட்டிச் சொல்லத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு, கொட்டை எழுத்தில் ஆத்தா என்று எழுதிக் கொடுத்தேன். மறுநாள் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "அத்தா" என்று வாசித்தாள். இல்லை, ஆத்தா என்றேன். அதற்கடுத்த நாளும் அத்தா. குறிலும் நெடிலும் தெரியாமல் மூன்றாம் வகுப்புக்கு வந்துவிட்டாயே என்று கரும்பலகையில் அ எழுதி, ஆ எழுதி, பக்கத்தில் நிறுத்திவைத்துச் சொல்லச் சொன்னேன். இரண்டையும் சரியாகச் சொன்னாள். திரும்ப அட்டையைக் காட்டினேன். அத்தா. நாலாம் நாள் எனக்கு மண்டை சூடாகி, அடிக்கோலால் அவள் விரல் முட்டியில் ஒரு போடு போட்டேன். அவள் அழவில்லை. தீப்பெட்டியை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு என்னிடம் சொல்லும் கேட்கவில்லை, பெட்டியையும் திறக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து இண்டர்வெல் நேரத்தில் அவள் அம்மா வந்தார். வெள்ளைத் துப்பட்டியைத் தலையோடு போர்த்திக்கொண்டு, ஹாலின் பின்வாசலில் ஒதுங்கி நின்றார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து நானும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போனேன். அவர் சண்டை போடவில்லை. மெதுவாகச் சொன்னார்.

"டீச்சரம்மா, எங்க வீட்ல அத்தான்னா அவ வாப்பாதேன். உங்கள்ல அப்பான்னு சொல்றீகல்ல, அது. ஆத்தான்னு எங்களுக்கு யாரும் இல்லையே."

எனக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை. அந்தப் பள்ளியில் பாதிப் பேர் முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள். ஒரு வருஷமாகச் சொல்லிக்கொடுக்கிறேன், அவர்கள் அப்பாவை என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. அட்டையில் நான் எழுதியதுதான் தப்பு. அவள் தன் சொல்லைச் சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். அடியும் வாங்கியிருக்கிறாள்.

மன்னிக்கச் சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. அவருக்கு வேறொன்று கேட்க வேண்டியிருந்தது. இவள் எப்போது தானாகப் படிப்பாள் என்றார். படிப்பாள், வருஷம் முடிவதற்குள் படித்துவிடுவாள் என்று நான் வழக்கமான பேச்சைப் பேசினேன். புத்தகம் இல்லை டீச்சரம்மா, கடுதாசி என்றார்.

பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அவர் வீட்டுக்காரர் பினாங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்தார். போய் ஆறு வருஷம் ஆகிறது. இரண்டு மாதத்துக்கு ஒரு கடிதம் வரும். அவர் அஞ்சாவது வரை படித்தவர், தானே எழுதுவார். இந்த அம்மாவுக்குக் குரான் ஓதத் தெரியும், தமிழ் எழுத்து ஒன்றும் தெரியாது. வருகிற கடிதத்தை வீட்டுக்காரரின் அண்ணன் வாசிப்பார். பிள்ளை பெரியத்தா என்று கூப்பிடும் அந்த மனிதர் தங்கமானவர், தம்பி குடும்பத்தைத் தன் குடும்பமாகத் தாங்குகிறவர். ஆனால் காது மந்தம். தனக்குக் கேட்க வேண்டுமென்று அவர் வாசிக்கிற சத்தத்தில் தெருவே வந்து நின்றுவிடும். எதிர்வீட்டுப் பெண்கள் ஆமாமா என்று பதில்கூடச் சொல்வார்களாம். இது அங்கே இருக்கிற மனிதருக்கும் தெரியும். அப்புறம் எதை எழுதுவார்? எல்லோரும் நலமா என்று கேட்டுவிட்டு முடித்துவிடுவார்.

என்னிடம் கொண்டுவாருங்கள், ரகசியமாகப் படித்துச் சொல்கிறேன் என்றேன். அந்த அம்மா சிரித்துவிட்டார். நீங்களும் வெளி ஆள்தானே என்று பட்டென்று சொல்லிவிட்டு, தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று என் கையைத் தொட்டார். பிறகு துப்பட்டியைச் சரிசெய்துகொண்டே சொன்னார்.

"இவ படிச்சுட்டான்னு தெரிஞ்சா, அவுக எனக்கு எழுதுவாக."

எனக்கு என்ற சொல்லை அவர் அழுத்திச் சொல்லவில்லை. ஆனாலும் அது தனியாகக் காதில் விழுந்தது. ஆறு வருஷத்தில் அவருக்கென்று ஒரு வரி வரவில்லை. வருவதும் வராததும் ஒன்பது வயதுப் பிள்ளை ஒருத்தி தனியாக வாசிப்பதில் இருந்தது. அந்தப் பிள்ளையின் முட்டியில்தான் நான் அடித்திருந்தேன்.

அன்று மத்தியானம் அத்தா என்று புது அட்டை எழுதி அவளிடம் கொடுத்தேன். பழையதைக் கிழிக்கப் போனபோது தடுத்தாள். "இது உங்க சொல்லு டீச்சர். நீங்க வச்சுக்கங்க" என்று என் கையிலேயே கொடுத்துவிட்டாள். என்னைக் கேலி செய்கிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, நிஜமாகவே கொடுத்தாள்.

அச்செழுத்து படிக்கிறவளுக்குக் கையெழுத்தும் படிக்க வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. அவள் அம்மா பழைய கடிதங்களை ஒரு துணிப்பையில் போட்டு அனுப்பியிருந்தார். அந்த மனிதரின் எழுத்து இருக்கிறதே, அடேயப்பா, க எது ச எது என்று எனக்கே மட்டுப்படவில்லை. காலும் ரகரமும் ஒன்றுபோல் இருந்தன. கொம்பு போட்டால் அடுத்த வரிக்குப் போய் நிற்கும். அதனால் நான் ஒரு காரியம் செய்தேன். அவர் எழுதுகிற மாதிரியே எழுதப் பழகினேன். முன்பின் பார்த்திராத ஓர் ஆணின் கையெழுத்தை, சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து, என் ஆத்தா என்னடி கிறுக்குகிறாய் என்று கேட்கக் கேட்க, கற்றுக்கொண்டேன். அந்த எழுத்தில் அவளுக்கு அட்டைகள் செய்தேன். மழை, மீன், கனவு, வருவேன் என்று பழைய கடிதங்களில் இல்லாத சொற்களாகப் பார்த்து எழுதினேன். இருக்கிற சொற்கள்தான் அவளுக்கு ஏற்கெனவே பெரியத்தாவின் வாயிலிருந்து மனப்பாடம் ஆகியிருந்தனவே.

அந்தக் கடிதங்களை நான் படித்தேன். படிக்காமல் எப்படி அட்டை செய்வது? இவ்விடம் நலம், அவ்விடம் நலமறிய ஆவல், பிள்ளையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளவும், அண்ணனுக்கு சலாம் சொல்லவும். எல்லாவற்றிலும் இதேதான். படித்துக்கொண்டே வந்தபோது கை நின்றுவிட்டது. என் டிரங்குப் பெட்டியில் கிடந்த கார்டுகளும் இதே கடிதங்கள்தான். சலாம் மட்டும் இல்லை, மற்றதெல்லாம் அப்படியே. பினாங்கில் இருப்பவருக்காவது தெருவுக்குக் கேட்க வாசிக்கும் ஓர் அண்ணன் இருந்தார். செங்கல்பட்டிலிருந்து வந்ததைப் படிக்க நான் ஒருத்திதானே இருந்தேன்? அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது. ஆத்தாவிடம் கண்ணில் தூசி என்றேன்.

செத்த நேரத்தில் அந்தப் பெண் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஒரு பழைய கடிதத்தை வாசிப்பாள். கூர்ந்து கேட்டால் ஏதோ உளறுகிற மாதிரி இருக்கும். ஆவல் நலமறிய அவ்விடம் நலம் இவ்விடம். பயந்துபோய்ப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். கடைசிச் சொல்லிலிருந்து மேலே மேலே போய்க்கொண்டிருந்தாள். ஏன் இப்படி என்று கேட்கலாமென்று வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டேன். மேலிருந்து படித்தால் மனப்பாடம் முந்திக்கொண்டு வந்துவிடுகிறது, அதை ஏமாற்ற அவளே கண்டுபிடித்த வழி அது. நான் சொல்லித்தரவில்லை. எந்த டிரெயினிங்கிலும் அதைச் சொல்லித்தரமாட்டார்கள்.

தை மாதத்தில் பெரியத்தா பினாங்குக்குக் கடிதம் எழுதியபோது, கீழே கொஞ்சம் இடம் விடச் சொல்லி அவள் கேட்டிருக்கிறாள். அவருக்கு ஒரே சந்தோஷம். விட்டுக்கொடுத்தார். அவள் சிலேட்டில் எழுதி எழுதி அழித்துப் பழகியிருந்த வரியை அந்த இடத்தில் எழுதினாள். அத்தா, இனிமே உங்க கடுதாசியை நானே படிப்பேன். அவ்வளவுதான். பெரியத்தா அதை ஒட்டுவதற்கு முன்னால் தோல் ஷாப்புக்கு எடுத்துக்கொண்டு போய், அங்கே இருந்தவர்களுக்கெல்லாம் வாசித்துக் காட்டினாராம். தெருவுக்கும் கேட்டிருக்கும்.

பிறகு காத்திருந்தோம். நானும்தான் காத்திருந்தேன். இரண்டு மாதம் போயிற்று. வழக்கமான கடிதம்கூட வரவில்லை. அந்த அம்மா ஒரு நாள் பின்வாசலில் வந்து நின்றார். பிள்ளை சரியாகத்தானே எழுதினாள் என்று கேட்டார். சரியாகத்தான் எழுதினாள் என்றேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். பினாங்கில் இருக்கிற அந்த மனிதர் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. மூன்று வார்த்தை சேர்த்து எழுத உனக்கு என்ன கேடு என்று மனசுக்குள் அவரைத் திட்டினேன். அவரையும், அவர் சாக்கில் இன்னொருவரையும்.

பரீட்சைக்கு முந்தின வாரம் கடிதம் வந்தது. மேலே அவள் பெயர் எழுதியிருந்தது. அண்ணன் பெயர் இல்லை, மனைவி பெயர்கூட இல்லை, மூன்றாம் வகுப்புப் படிக்கிற அந்தப் பிள்ளையின் பெயர். தபால்காரர் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் தெரு முழுக்க வாசலுக்கு வந்துவிட்டதாம். பெரியத்தா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அவ பேருக்கு வந்ததை நான் எப்படிப் பிரிப்பேன் என்று அவள் கையில் கொடுத்துவிட்டாராம். கதவைச் சாத்திக்கொண்டு அவள் வாசித்திருக்கிறாள். இதெல்லாம் மறுநாள் காலையில் மற்றப் பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு எனக்குச் சொன்னது.

அவள் கொஞ்சம் தாமதமாக வந்தாள். மேஜைக்குப் பக்கத்தில் கூப்பிட்டு, முழுசாகப் படித்தாயா என்று கேட்டேன். படித்தேன் என்றாள். தெரியாத எழுத்து இருந்ததா? ரெண்டு இடம், அப்புறம் வந்துவிட்டது என்றாள். எனக்கு அதற்கு மேல் கேட்கக் கூடாது என்று தெரியும். தெரிந்தும் கேட்டேன்.

"என்ன எழுதியிருந்தாரு?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அது அம்மாவுக்கு எழுதுனது டீச்சர்."

மரியாதையாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த அளவுக்கே பொறாமையாகவும் இருந்தது, மறைத்து என்ன ஆகப்போகிறது. அவர் கையெழுத்தை அவள் வீட்டார் எல்லோரையும்விட நன்றாகத் தெரிந்தவள் நான். அதில் எனக்குப் பார்க்கக் கிடைக்காத கடிதம் அது ஒன்றுதான்.

நாலு நாள் கழித்து, நான் சின்னவர்களுக்குக் கூட்டல் போட்டுக்கொண்டிருந்தபோது, அவள் எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள். சட்டப்படி என்னைக் கூப்பிடக் கூடாத நேரம். கூப்பிடவும் இல்லை, நின்றாள். அம்மா சொல்லச் சொல்ல அவளே பதில் எழுதிக்கொண்டிருப்பதாகவும், ஒரே ஒரு சொல் மட்டும் எழுத வரவில்லை என்றும் சொன்னாள்.

என்ன சொல் என்று கேட்டேன்.

"தலகாணி."

தலையணை என்றுதான் என் கை எழுதப் போனது. நிறுத்திக்கொண்டு, அவள் சொன்னபடியே தலகாணி என்று எழுதிக் கொடுத்தேன். வாங்கி ஒரு தடவை உதட்டுக்குள் வாசித்துப் பார்த்தாள். சரி என்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். ஆறு வருஷம் கழித்து, தெருவுக்குக் கேட்காமல் ஒரு பெண் தன் புருஷனுக்குச் சொல்ல நினைத்ததில் அந்த ஒரு சொல்தான் என் காதுக்கு வந்தது. பஞ்சு கட்டிதட்டிப்போய்விட்டது என்று சொல்லியிருப்பாரா? ஒன்றை எடுத்துவைத்துவிட்டு ஒன்றோடு படுக்கிறேன் என்றா? ஒன்றுமே இல்லாத வீட்டுச் சமாச்சாரமாகவும் இருக்கலாம். இத்தனை வருஷமாக யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அன்று பள்ளி விட்டதும் நேரே தபாலாபீசுக்குப் போனேன். நானும் என் வீட்டுக்காரரும் எப்போதும் கார்டில்தான் எழுதிக்கொள்வோம். யார் பார்த்தாலும் பார்த்துவிட்டுப் போகட்டும், மூடி ஒட்டி அனுப்பும்படி எங்களுக்குள் எதுவும் இல்லை. அன்றைக்கு ஓர் இன்லண்டு வாங்கினேன். அங்கேயே சாய்வு மேஜையில் வைத்து எழுத ஆரம்பித்தேன். நலம். ஆத்தாவும் நலம். ஸ்கூலில் பரீட்சை வருகிறது. அதோடு நின்றுவிட்டது. தலகாணி என்ற சொல் வருகிற மாதிரி ஒரு வரி அவருக்கு எழுத வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. யாராவது எழுதித்தந்தால்கூடப் பார்த்து எழுதியிருப்பேன். கவுண்டரை மூடப்போகிறோம் என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்கள். பாதிக்கு மேல் வெற்றாகத்தான் இருந்தது. அப்படியே மடித்து, மூன்று பக்கமும் ஒட்டி, பெட்டியில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.